படிவத்தில் 6.6 எழுதுவதா, 5 எழுதுவதா?

கல்லடி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, கல்லடியில் கடற்கரைப் பக்கம் இருக்கிறோம். கூரைக்குச் சோலர் போட முடிவெடுத்து, முற்பணமும் கொடுத்தாயிற்று. பேனல்கள் வந்து விறாந்தையில் சாத்தி வைத்திருக்கிறது. மின்சார சபைக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பம்தான் இன்னும் மேசையில் கிடக்கிறது. "நிறுவப்படும் கொள்ளளவு, கிலோவாட்" என்ற கட்டத்தில் பேனாவை வைத்தவள் அப்படியே எடுத்துவிட்டேன்.

முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். ஒரே பொருளுக்கு மூன்று அளவு சொன்னால் எனக்கு நித்திரை வராது. பேனல் 12, ஒவ்வொன்றும் 550 வாட், ஆக 6.6 கிலோவாட். பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேர்ட்டரின் பெட்டியில் 5 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. பேனலோடு வந்த தாளில் இன்னொரு நிரல் இருக்கிறது, அதில் அதே பேனலுக்கு 416 வாட். 12ஆல் பெருக்கினால் 4,992 வாட்.

பூட்ட வந்த பையனிடம் கேட்டேன். "6.6 எண்டு எழுதுங்க டீச்சர், கூட எழுதினா கூடக் காசு வரும்" என்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாளைக்கு என் கையெழுத்தோடு போகிற படிவம். எந்த எண் உண்மை? வீட்டு இணைப்பு ஒற்றைக் கட்டம் (சிங்கிள் பேஸ்), 30 அம்பியர்.

அக்கரைப்பற்று வயரிங்:

டீச்சர், மூன்றும் உண்மைதான். மூன்றையும் வேறு வேறு இடத்தில் நின்று அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

550 என்பது தொழிற்சாலைக்குள் விளக்கு வெளிச்சத்தில் அளந்தது. சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், பேனலுக்குள் இருக்கிற செல்லின் சூடு 25 டிகிரி. பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் அடியில் பொடி எழுத்தில் எஸ்டிசி என்று இருக்கும், இந்தச் சோதனை நிலைக்கு அதுதான் பேர், பாருங்கள். நம்முடைய பக்கம் அவ்வளவு வெயில் அடிக்கிற நேரத்தில் செல் 25 டிகிரியில் இருக்குமா? சித்திரை மாத மத்தியானத்தில் 60 டிகிரிக்குப் போகும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 வீதம் அளவில் சக்தி குறையும். 35 டிகிரி ஏறினால் 12 வீதம் போச்சு. உங்கள் 6.6 அப்போதே 5.8 ஆகிவிடுகிறது. 416 என்பது இன்னும் மெல்லிய வெயிலுக்கு: 800 வாட் வெளிச்சம், வெளியே 20 டிகிரி, கொஞ்சம் காற்று.

5 என்பது இன்வேர்ட்டர் சபையின் கம்பிக்குள் ஆகக் கூடுதலாக அனுப்பக்கூடியது. பேனல் அதற்கு மேல் தந்தாலும் இன்வேர்ட்டர் வெட்டிவிடும். சபைக்குத் தெரிவது அந்த 5 மட்டும்தான். இந்தப் பக்கம் நான் செய்து கொடுத்த கோப்புகள் எல்லாவற்றிலும் கொள்ளளவு என்று இன்வேர்ட்டரின் ஏசி அளவுதான், அதாவது அது வெளியே அனுப்புகிற அளவுதான் போனது. பேனல் மொத்தத்தை அதற்குக் கீழே தனியாக, "12 x 550 வாட்" என்று எழுதிவிடுங்கள். மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

கூட எழுதினால் கூடக் காசு என்பது பிழை. காசு வருவது மீட்டரில் ஓடிய யூனிட்டுக்கு. அளவு பெரிதாகப் பெரிதாக யூனிட் விலை குறைகிற படிகளும் உண்டு. அப்புறம், சோலரின் அளவு வீட்டின் ஒப்பந்தக் கேள்வியை, அதாவது சபையிடமிருந்து வீடு ஆகக் கூடுதலாக எடுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அளவை, தாண்டக் கூடாது. 30 அம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 6.9 கிலோவாட். உங்கள் 5க்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

படிவத்தில் ஒன்று, இன்வேர்ட்டரில் ஒன்று என்று இருந்ததால் ஒருவருடைய கோப்பு ஆறு கிழமை இழுபட்டது. பார்க்க வந்தவர் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். பேனல் எல்லாம் கூரையில், இணைப்பு இல்லை. அந்த மனுசன் ஒவ்வொரு நாளும் போன் எடுப்பார்.

களுவாஞ்சிக்குடியான்:

நான் 2017இல் போட்டவன். அரசாங்கத்தின் கூரைச் சோலர் திட்டம், சூரியபல சங்கிராமய, தொடங்கி அடுத்த வருடம். முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய், அதன் பிறகு 15.50 என்ற ஒப்பந்தம். 270 வாட் பேனல் 20, இன்வேர்ட்டர் 5 கிலோவாட்.

டீச்சர், எந்தக் கிலோவாட்டை வைத்தும் மாதக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். ஒரு கொப்பியில் மாதாமாதம் எழுதி வருகிறேன். பங்குனியில் 680 யூனிட் வந்த அதே கூரையில் மார்கழியில் 390. வாடைக்காற்று மழை தொடங்கினால் அப்படித்தான். நல்ல வெயில் நாளில்கூடத் திரையில் 4.6க்கு மேல் நிற்காது. மழை விட்டு, மேகம் பிளந்து வெயில் சுள்ளென்று விழுகிற ஒரு நிமிடத்தில் மட்டும் 5.0 காட்டும். முதல் தடவை கண்டபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கடற்கரை வீடு என்றபடியால் இன்னொன்று: உப்புக்காற்றுச் சோதனை, ஐஈசி 61701, தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் நட் எல்லாம் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். என்னுடைய முதல் போல்ட்டுகள் மூன்று வருடத்தில் பொரிந்து போயின.

மெல்பேர்ன் மட்டக்களப்பான்:

டீச்சர், இங்கே நிறைய வீட்டுக் கூரையில் உங்கள் கணக்குத்தான் இருக்கிறது: 6.6 பேனல், 5 இன்வேர்ட்டர். நாங்கள் போட்ட காலத்தில் பேனல் மொத்தம் இன்வேர்ட்டரின் 133 வீதத்தைத் தாண்டினால் அரசாங்கச் சலுகை கிடைக்காது. 5ஐ 1.33ஆல் பெருக்குங்கள், 6.65. அங்கேயிருந்துதான் 6.6 என்ற பழக்கம் வந்தது. காலையும் பின்னேரமும் வெயில் மெலிந்த நேரத்தில் அந்தக் கூடுதல் பேனல்தான் கைகொடுக்கும். உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

அக்கரைப்பற்று வயரிங்:

ஒன்றை மறந்துவிட்டேன், இது எந்தப் படிவத்திலும் கேட்க மாட்டார்கள். ஸ்டிக்கரில் திறந்த சுற்று வோல்ட், அதாவது பேனலை எதிலும் இணைக்காமல் அளந்த வோல்ட், எவ்வளவு? 49.8 என்றால், 12 பேனலையும் ஒரே வரிசையில் கோத்தால் 597.6. இன்வேர்ட்டர் தாங்குவது 600 என்றால் மயிரிழைதான் மிச்சம். அந்த 49.8உம் 25 டிகிரியில் அளந்தது, வோல்ட் குளிரில் ஏறும். மார்கழி விடியற்காலையில் 22 டிகிரிக்கு இறங்கினால் 602 ஆகிவிடும். இரண்டு வரிசையாக, ஆறு ஆறாகக் கோக்கச் சொல்லுங்கள். அப்புறம், மீட்டர் யார் பேரில் இருக்கிறது? விண்ணப்பமும் அதே பேரில்தான் போக வேண்டும்.

கல்லடி டீச்சர்:

டோர்ச் அடித்து ஸ்டிக்கரைப் பார்த்தேன் தம்பி. 49.8தான். இன்வேர்ட்டர் தாளில் 600. பையனுக்குப் போன் எடுத்தேன், ஒரே வரிசையாகத்தான் கீறி வைத்திருக்கிறான். ஆறு ஆறாக மாற்றிக் கீறி நாளைக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கட்டத்தில் 5 எழுதிவிட்டேன், கீழே 12 x 550. உப்புக்காற்றுச் சோதனை தாளில் இருக்கிறது.

மீட்டர் இன்னும் அவருடைய பேரில்தான் இருக்கிறது. நாலு வருடமாக அவர் பேரில் வருகிற பில்லை நானே கட்டி வந்ததில், மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. இறப்புச் சான்றிதழும் வீட்டு உறுதியும் அலுமாரியில் இருக்கின்றன. நாளைக்குக் காலையில் முதலில் பேர் மாற்றப் போகிறேன். சோலர் படிவம் அதன் பிறகு.