சிஸ்டோஸ்கோப்பி: ‘அகநோக்கல்’ வேண்டாம், ‘நுழைநோக்கு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சிறுநீர் வரும் வழியாகக் கேமராக் குழாயை விட்டுச் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்க்கும் சோதனைதான் சிஸ்டோஸ்கோப்பி. அதற்குத் தமிழில் ‘சிறுநீர்ப்பை அகநோக்கல்’ என்று போன மடலில் ஒரு சொல் வந்திருந்தது. அதில் பிழை எதுவும் இல்லை. கிரேக்கத்தில் ‘கிஸ்டிஸ்’ என்றால் பை; ஸ்கோப்பி, நோக்குதல். மூலத்தோடும் ஒத்துப்போகிறது. என் தயக்கம் வேறு.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பெரியப்பாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போயிருந்தேன். சிறுநீரில் ரத்தம். ஒப்புதல் படிவத்தில் இதே ‘அகநோக்கல்’தான். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “வயித்து மேல வச்சுப் பாக்குறதுதானேப்பா?” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மேசையில் படுத்த பிறகுதான் கேமராக் குழாய் எந்த வழியாகப் போகும் என்று தெரிந்தது. அவர் பிடித்த பிடியில் என் மணிக்கட்டில் விரல் தடம் விழுந்துவிட்டது.

அந்தச் சோதனை அவ்வளவு பயப்படக்கூடியதே அல்ல. வளையும் குழாய் பென்சிலைவிட மெல்லியது. மரத்துப்போக ஜெல் செலுத்திக் கொஞ்சம் பொறுக்கிறார்கள். உப்புநீர் விட்டுப் பையை விரிக்கும்போது முட்டிக்கொண்டு வரும். பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓரிரு நாள் எரிச்சலும், நீரில் லேசான சிவப்பும் இருக்கலாம். தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொல்கிறார்கள். காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டியாகப் போனாலோ, நீர் பிரியாமல் அடைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆனால் குழாய் உள்ளே நுழையும் என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும். அதனால் ‘சிறுநீர்ப்பை நுழைநோக்கு’ என்று வைக்கலாமா? ‘நுழையும் நோக்கு’ என்று விரியும் வினைத்தொகை. கருவிக்கு ‘நுழைநோக்கி’ என்ற பெயர், நுண்ணோக்கி, தொலைநோக்கி வரிசையில் தானாக உட்கார்கிறது. இரைப்பைக்கும் மூட்டுக்கும்கூட நீட்டலாம். ‘நுழை’ என்றால் நோயாளி மிரள்வார் என்று ஒருவர் சொல்லக்கூடும். வீட்டிலேயே தெரிந்துகொண்டு கேள்வி கேட்டு மிரள்வது, மேசையில் படுத்துக்கொண்டு மிரள்வதைவிட எவ்வளவோ மேல். பெரியப்பாவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

இன்னொன்று. உள்ளே போகும் வழியில், சிறுநீரை அடைத்து வைக்கும் சுருக்குத்தசையைக் குழாய் தாண்டும்போது, “மூச்சை அடக்காதீங்க, ஒண்ணுக்குப் போற மாதிரி விடுங்க” என்றார் செவிலியர். வெளியே வந்ததும் பெரியப்பா சொன்னார்: “மதகுகிட்ட மட்டும் சுள்ளுன்னுச்சு. அப்புறம் வாய்க்கால்ல தண்ணி ஏறுற மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு.” ஆயுள் முழுக்க வயலுக்கு மதகு திறந்து அடைத்தவர். நோயாளிக் கையேட்டில் சுருக்குத்தசையை ‘நீர்மதகு’ என்று எழுதினால் டெல்டாவில் யாருக்கும் விளக்கமே வேண்டாம். மற்ற மாவட்டத்தாருக்கும் புரியுமா? சொல்லுங்கள்.