பச்சப்புள்ளைக்கு போட்டோ எடுக்க ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? (மண்டபம், ராமநாதபுரம் பக்கம்)

மண்டபம்காரன் கேட்டது:

வர்ற மாசக் கடைசியில வீட்ல பிரசவம். பொறந்த பத்துப் பதினஞ்சு நாள்ல புள்ளைய கூடையில சுருட்டி வச்சு எடுப்பாங்களே, அந்த மாதிரி எடுக்கணும்னு வீட்டுக்காரிக்கு ஆசை. ராமநாதபுரத்துல விசாரிச்ச ரெண்டு பேரும் கல்யாண போட்டோகிராபருங்க. "அதெல்லாம் எடுத்துரலாம் சார்"ங்குறாங்க. மதுரையில இருந்து வர்றவர் வண்டிச் செலவு தனியா கேக்குறார். ஆல்பம் எல்லார்கிட்டயும் அழகாத்தான் இருக்கு, எதை வச்சு முடிவு பண்றது? அம்மா வேற, முப்பது நாளைக்குள்ள போட்டோவே கூடாது, கண்ணு பட்டுரும்ங்குறாங்க. அரியமான் கடற்கரையில ரெண்டு படம் எடுக்க முடியுமான்னும் சொல்லுங்க.

ஜன்னல்வெளிச்சம்:

ஆல்பத்தை மூடி வச்சுட்டு, ஒரே குழந்தையோட முழு செட்டையும் காட்டச் சொல்லுங்க அண்ணே. முப்பது நாப்பது படம் இருக்கணும். பயிற்சி வகுப்புல வேற ஒருத்தர் படுக்க வச்ச குழந்தையைச் சுத்தி நின்னு பத்துப் பேர் எடுத்திருப்பாங்க, அதுவும் அவங்கவங்க ஆல்பத்துல முதல் பக்கமா வந்துரும். முழு செட்ல அது ஒளிய முடியாது.

அடுத்தது, ரெண்டு கையிலயும் கன்னத்தைத் தாங்கிக்கிட்டு குழந்தை உக்காந்திருக்குமே, அந்தத் தவளை போஸ். அது ஒரே படம் இல்ல. ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்க ஒரு படம், கை மணிக்கட்டைப் பிடிச்சுக்க இன்னொரு படம், ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஒட்டி, பிடிச்ச கையை அழிப்பாங்க. "ஒட்டுறதுக்கு முன்னாடி இருந்த ரெண்டையும் காட்டுங்க"ன்னு கேளுங்க. செய்யுறவர் உடனே காட்டுவார். "எங்களுக்கு ஒட்டெல்லாம் வேணாம் சார், அப்படியே உக்கார வச்சிருவோம்"னு பெருமையாச் சொல்றவர்கிட்ட பேச்சை அங்கேயே முடிச்சுக்கங்க. பச்சப்புள்ளைக்குத் தலை கனம், கழுத்து நிக்காது. தாடை நெஞ்சுல போய் இடிச்சா மூச்சுக்குழல் மடங்கிரும், அழக்கூட சத்தம் வராது. மரக்கிளையில தொங்குற துணி, அந்தரத்துல ஆடுற தொட்டில் எல்லாமே இதே ஒட்டு வேலைதான். நிஜத்துல துணி மெத்தை மேல இருக்கணும், ஒரு கை எப்பவும் குழந்தை பக்கத்துல இருக்கணும். தூங்குற புள்ள திடுக்குனு கையை விரிச்சு உதறும், அந்த உதறல்ல கூடையே சாயும். அதனால உதவிக்கு ஆள் இல்லாம தனியா வர்றவர் வேணாம்.

நாள் கணக்கு: 5ல இருந்து 14 நாளுக்குள்ள ஆழ்ந்து தூங்கும், வயித்துல இருந்த மாதிரியே சுருண்டுக்கும். மூணாவது வாரத்துல முழிப்பு கூடும், காலை நீட்டும், முகத்துல சின்னச் சின்னப் பரு வரும். தேதி சொன்ன நாள்ல பொறக்குறது அபூர்வம். அதனால அட்வான்ஸ் குடுக்கும்போதே "முன்னப்பின்ன ஆனா பணம் போகாது"ன்னு எழுதி வாங்கிருங்க. வளைகாப்பு சமயத்துலயே பேசுறதுதான் வழக்கம், உங்களுக்கு இப்பவே நேரம் குறைவு.

நம்ம ஊர்ல முக்கியம் அறை. துணியில்லாம எடுக்கணும்னா 26–28 டிகிரி வேணும், மத்தவங்களுக்கு லேசா வேர்க்கும். ஏ.சி. காத்து நேரா மேல படக்கூடாது. துணியில சுத்தி எடுக்குறதுன்னா நேர் எதிர்ப் பிரச்சனை: மண்டபத்துப் புழுக்கத்துல, அடியில சடை வச்ச கம்பளி, மேல மூணு சுத்துத் துணின்னா வேர்க்குரு போட்டுரும். பச்சப்புள்ளைக்கு வேர்த்துக் குளிர்ற சக்தி குறைவு. பிடரியில கை வச்சுப் பாக்கணும், சூடா ஈரமா இருந்தா உடனே ஒரு சுத்து அவுக்கணும். பல தடவை துவைச்ச பழைய வேட்டித் துணி போதும், படத்துலயும் நல்லா விழும்.

கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல ஏ.சி. ஓடுறது சந்தேகம்தான், அதனால துணியில்லாத படங்களை முதல்ல முடிச்சுரணும். வெளிச்சத்துக்கு வடக்குப் பாத்த ஜன்னலும் ஒரு வெள்ளைத் திரையும் இருந்தாப் போதும். காலை 9ல இருந்து 12க்குள்ள வச்சுக்கங்க.

கடற்கரை வேணாம். காத்து, மணல், வெயில் மூணுமே ஆகாது. ஆசைன்னா நிறைமாச வயித்தோட அம்மாவும் பக்கத்துல அப்பாவும் நிக்கிற படத்தை இப்ப அரியமான்ல எடுத்துக்கங்க.

பிரசவவார்டு:

நாப்பது படத்தைவிட இதைக் கேட்டு வைங்க: வீட்டுக்கு வர்றவருக்கு அன்னைக்குச் சளி, காய்ச்சல், இருமல் இருந்தா தேதியை மாத்துவாரா? மாத்துவேன்னு சொல்லணும். வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவணும், மோதிரம், வாட்ச் கழட்டணும். ஒரு வீட்ல விரிச்ச துணியைத் துவைக்காம அடுத்த வீட்ல விரிப்பாங்க, அதையும் கேளுங்க. இல்லேன்னா துணியை நீங்களே குடுங்க.

3–5 நாள்ல மஞ்சள் கூடுறது நிறைய குழந்தைக்கு உண்டு. "கலர் கரெக்‌ஷன்ல சரி பண்ணிரலாம்"னு போட்டோகிராபர் சொல்லுவார். படத்துல சரியாகும், உடம்புல ஆகாது. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சளா இருந்தாலோ, பால் குடிக்காம மந்தமா இருந்தாலோ போட்டோவை விட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க. குறைமாசம், ரெண்டரைக் கிலோவுக்குக் கீழன்னா டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான்.

அன்னைக்குக் காலையில எண்ணெய் தேய்க்க வேணாம். வெளிச்சத்துல நெத்தி பளபளன்னு அடிக்கும், பிடிக்கிற கையும் வழுக்கும். பவுடரும் வேணாம். பால் குடுத்து, ஏப்பம் எடுத்து, கால் மணி நேரம் தோள்ல வச்ச பிறகு படுக்க வைங்க. அவசரப்பட்டு உடனே கவுத்துப் போட்டா கக்கும். சேனை வைக்கிற மாதிரி ஒரு படம்னு கேப்பாங்க. விரலைச் சும்மா உதட்டுக்கிட்ட காட்டி எடுங்க. ஒரு வயசுக்குள்ள தேன் நாக்குல படவே கூடாது, அதுல இருக்குற கிருமிவித்து குழந்தைக் குடல்ல வளந்து விஷம் சுரந்து, தசையெல்லாம் தளர்ந்து மூச்சுத் திணறல் வரைக்கும் கொண்டு போகும்.

தூங்க வைக்க "ஷ்ஷ்" சத்தம் போடுற செல்போனைக் காதுக்கிட்ட வைக்கிறாங்க. ஏழடி தள்ளி, மெதுவா வைக்கச் சொல்லுங்க. தொப்புள்கொடி விழலைன்னா அது மேல துணி உரசக்கூடாது. சுத்தின பிறகு விரல் நுனி நீலம் ஓடினா கட்டு இறுக்கம், அவுத்துருங்க. உதடு நீலம்னா எல்லாத்தையும் நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு.

சிசேரியன்னா உங்க வீட்டம்மாவைத் தரையில உக்கார வைக்காதீங்க, கட்டில் ஓரத்துலயே எடுக்கலாம். பால் குடுக்குறது, துணி மாத்துறது எல்லாம் சேத்து மூணு மணி நேரம் ஆகும்.

கீழக்கரைவீடு:

தம்பி, அம்மா சொல்றதை மறுத்துப் பேசாம ஒரு வழி இருக்கு. எடுக்கிறதை எடுத்துருங்க, நாப்பது நாள் வரைக்கும் யாருக்கும் அனுப்பாதீங்க, ஸ்டேட்டஸும் வேணாம். கண்ணு படுறது பாக்குறவங்களாலதானே. கன்னத்துல கறுப்புப் பொட்டோடயே எடுங்க. கண்ணுக்குள்ள மட்டும் மை வேணாம். வசம்பு வளையல், கருகமணி படத்துக்கு அழகுதான், ஆனா சுத்தி வைக்கும்போது உள்ளே மாட்டி அழுத்தும், தூங்கின பிறகு போட்டு எடுத்துக் கழட்டிருங்க.

எங்க பக்கத்துல ஏழாம் நாள் முடி இறக்குவாங்க. அப்படி உள்ள வீட்ல முடியோட படம் வேணும்னா ஆறாம் நாளுக்குள்ள வரச் சொல்லணும். இதை முன்கூட்டியே பேசாம அப்புறம் வருத்தப்படுறவங்க நிறைய.

கூடைக்கு மதுரையில இருந்து பஞ்சு வச்சது வரணும்னு இல்ல. நம்ம பனையோலைக் கொட்டான் பெருசா ஒண்ணு வாங்குங்க. ஓலை விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், அதனால மடிச்ச துணியை விளிம்புக்கு வெளியே தொங்குற மாதிரி போடணும். அடியில ரெண்டு கிலோ அரிசி மூட்டை வச்சா சாயாது.

படத்தை போட்டோகிராபர் தன் இன்ஸ்டா, பேஸ்புக் பக்கத்துல போடலாமா கூடாதான்னு வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்குங்க. பால் குடுக்குற நேரம் அறையில யார் இருக்கலாம்னும் பேசிருங்க. பெண் உதவியாளர் உண்டான்னு கேட்டா அவங்க தப்பா நினைக்க மாட்டாங்க.

மண்டபம்காரன்:

ரொம்ப நன்றி கீழக்கரை லாத்தா (அக்கா), எல்லாருக்கும் நன்றி. ராமநாதபுரத்துக்காரர்கிட்ட அந்த ரெண்டு படத்தைக் கேட்டேன், "அந்த போஸ் எனக்கு வராது சார், பொய் சொல்ல மாட்டேன்"னுட்டார். மதுரைக்காரர் ரெண்டையும் உடனே அனுப்பினார், ஆனா மொத்தச் செலவு இரட்டிப்பாகுது. தவளை போஸ் இல்லாமலும் ஓடுமா?

ஜன்னல்வெளிச்சம்:

தாராளமா ஓடும். வராதுன்னு சொன்னவரையே பிடிங்க. துணியில சுத்தி மல்லாக்கப் படுக்க வச்சது, அப்பா உள்ளங்கையில பாதம், அம்மா தோள்ல முகம், காது மடல், கொட்டாவி. எல்லாம் ஜன்னல் ஓரத்துலயே முடியும், எதுக்கும் குழந்தையை வளைக்க வேண்டியதில்ல. விரல், இமையை ரொம்பக் கிட்டத்துல எடுக்குற மேக்ரோ லென்ஸ் இருக்கான்னு மட்டும் கேளுங்க, இல்லேன்னா வாடகைக்கு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஈரக் கடல்காத்து ஊர்ல லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிருக்கலாம், அப்படின்னா படம் எல்லாம் புகை படிஞ்ச மாதிரி வரும். போன மாசம் எடுத்த ஒரு படத்தைப் பெருசாக்கிப் பாத்தா தெரிஞ்சுரும்.

ஆல்பத்துக்குப் பணம் போடுறதுக்கு முன்னாடி பக்கத்துக்கு லேமினேஷன் உண்டான்னு கேளுங்க. சும்மா தாள்னா கார்த்திகை மழைக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.