ஸ்டார் ட்ரெக் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது? திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

2002இல் சமாதானம் வந்த கையோடு கனடாவிலிருந்து மாமா வந்தார். சூட்கேசில் சொக்லேட், கோடாலித் தைலம், அவற்றுக்கு அடியில் ஆறு வீடியோ கசெட். எல்லாம் அங்கே தொலைக்காட்சியிலிருந்து அவரே பதிவு செய்த ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர். அதிலும் விண்கலக் கப்டன் பிக்காட் வருகிற நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற பிந்திய தொடர். எங்கள் டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகி மேலும் கீழும் உருண்டது. தொலைக்காட்சிப் படத்துக்கு அங்கே என்டிஎஸ்சி என்ற முறை, இங்கே பால் என்ற வேறு முறை. மத்திய வீதியில் ஒரு வீடியோக் கடையில் மட்டும் இரண்டையும் ஓட்டுகிற டெக் இருந்தது. கடை பூட்டும் நேரத்துக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாமா, தம்பி, நான், கடைக்காரர் நாலு பேரும் பார்த்தோம். இடையிடையே கனடா விளம்பரங்கள், பனியில் வழுக்காத டயர் உட்பட. எனக்குப் பன்னிரண்டு வயது. சுடுவதற்கு முன்னால் மேசையைச் சுற்றி இருந்து பேசிப் பார்க்கிற ஒரு கப்டனை அன்றைக்குத்தான் கண்டேன். அந்த வருடம் நம் ஊர்ப் பிள்ளைக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

2021 நவம்பருக்கு வருகிறேன். நல்ல மழை. டிஸ்கவரி என்ற புதிய ஸ்டார் ட்ரெக் தொடரின் நாலாவது சீசனுக்குக் காத்திருந்தேன். அது வர இரண்டு மூன்று நாள் இருக்கையில், காசு கட்டிப் பார்க்கிற நெட்ஃப்ளிக்ஸ் தளத்தைத் திறந்தால் பழைய மூன்று சீசன்களையும் காணோம். உரிமைக்காரக் கம்பனி தன் சொந்தத் தளத்துக்காகத் திருப்பி எடுத்துக்கொண்டதாம். அந்தத் தளமோ அப்போது இலங்கையில் இல்லை. பணத்தோடு நிற்கிற ஆளின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

2023 ஜூனில் நடந்தது இதைவிட மோசம். பிள்ளைகளுக்காக எடுத்த புரோடிஜி என்ற ஸ்டார் ட்ரெக் கார்ட்டூன் தொடரின் 20 பகுதிகளும் அந்தச் சொந்தத் தளத்திலிருந்து அமெரிக்காவிலேயே நீக்கப்பட்டன. இரண்டாவது சீசன் வேலை நடக்கும்போதே கைவிடப்பட்டது. ரசிகர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். அந்த நத்தாருக்கு முதல் சீசன் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தது, 2024 ஜூலையில் இரண்டாவதும். மகளோடு பார்த்தேன். பாறை போல உடம்பும் எட்டு வயது மனசுமாக ஒரு பாத்திரம், ரொக்-தாக். அவள் பயந்து பேசும் இடங்களில் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

2025 ஆகஸ்டில் அந்த உரிமைக்காரக் கம்பனி பரமவுண்ட், ஸ்கைடான்ஸ் என்ற இன்னொரு படக் கம்பனியோடு சேர்ந்ததிலிருந்து, இனி என்ன படம் வரும் என்றே பேச்சு. என் பயம் வேறு. எடுத்து முடித்தவை எங்கே இருக்கும், யார் கண்ணில் படும்?

உப்புவெளியிலிருந்து:

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், உங்களுக்கு முந்தின தலைமுறை. முதலாளி மாறுவதை நான் பெரிதாக எடுப்பதில்லை. 1966இல் தொடங்கியபோது இது நடிகை லூசில் போலின் டெசிலு ஸ்டூடியோவுடையது. அடுத்த வருடமே அந்த ஸ்டூடியோவை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற கம்பனி வாங்கிவிட்டது. நிறுத்தப் போகிறார்கள் என்றதும் ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள், மூன்றாவது சீசன் கிடைத்தது. 1969இல் 79 பகுதிகளோடு முடிந்தது. அப்புறம் அதை வாழவைத்தது அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள்தான். திரும்பத் திரும்பப் போட்டார்கள், பார்க்கக் கிடைத்தது, ஆட்கள் சேர்ந்தார்கள், 1979இல் சினிமாவாகவே வந்தது. இன்றைக்கு ஒரே பூட்டுக்குள் வைத்துவிட்டு ஆட்கள் போதாது என்றால் என்ன செய்வது?

எனக்கு இதில் ஊர்ப் பாசமும் உண்டு. 1950களில் நம் திருகோணமலைச் சுவாமிமலைக்குக் கீழே கடலில் முக்குளித்து, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோவிலின் தூண்களைப் பார்த்தவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரிக்கு அவருடைய எழுத்து பெரிய ஊக்கம். கடலுக்கு அடியில் என்றாலும் அந்தத் தூண்கள் கிடந்தன, போய்ப் பார்க்க முடிந்தது. தளத்திலிருந்து அழித்ததை எங்கே முக்குளித்துத் தேடுவது?

மத்திய வீதியிலிருந்து:

அக்கா, அது எங்கள் அப்பாவின் கடையாகத்தான் இருக்க வேண்டும். பாதி ஷட்டர் கதையை எங்களுக்கும் சொல்லியிருக்கிறார். இப்போது அது போன் ரிப்பேர் கடை. டெக் மேல் தட்டில் பத்திரமாக இருக்கிறது. போன மாதம்கூட ஒரு கலியாணக் கசெட் ஓட்டிக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். மாமாவின் ஆறும் இருந்தால் கொண்டு வாருங்கள். கடற்காற்றுக்குப் பூஞ்சணம் பிடித்திருக்கும். கண்ணாடி வழியாகப் பாருங்கள், ரீலின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தால் எந்த டெக்கிலும் போட்டுவிட வேண்டாம், ரீல் அறுந்துவிடும், டெக்கில் ரீலைப் படிக்கிற ஹெட்டும் பழுதாகும். முதலில் கழற்றித் துடைக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். டயர் விளம்பரத்தையும் வெட்ட மாட்டேன்.