ஓபன் கிளாஸிலிருந்து வேர்ல்ட் கிளாஸுக்கு: விண்ணப்பிக்கும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
வணக்கம். அமெரிக்காவில் ஓர் ஓபன் கிளாஸ் டிரம் கோரின் (பித்தளை வாத்தியம், டிரம், கொடி ஆட்டம் சேர்ந்த இளைஞர் அணிவகுப்பு இசைக்குழு) நிர்வாகக் குழுவில் பொருளாளராக இருக்கிறேன். களத்தில் 104 பேர். இண்டியானா மாநில மரியனில் நடக்கும் ஓபன் கிளாஸ் இறுதிச் சுற்றில் முன்வரிசையில்தான் வருகிறோம். போட்டிகளை நடத்தும் டி.சி.ஐ.யிடம் (டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல்) மேல்பிரிவான வேர்ல்ட் கிளாஸ் தகுதிக்கு விண்ணப்பிக்கலாமா என்று குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. எத்தனை மதிப்பெண் வந்தால் போதும்? 165 பேர் கட்டாயமா? கணக்கு வழக்கில் எதைத் தோண்டிப் பார்ப்பார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை:
கேள்வியை மதிப்பெண்ணில் ஆரம்பித்திருக்கிறீர்கள். அது கடைசியில் வரவேண்டியது. முதலிடம் வந்தால் தானாக மேலே ஏறும் லீக் முறை இங்கே இல்லை. ப்ளூ டெவில்ஸ் பி, வான்கார்ட் கேடட்ஸ் இரண்டும் ஓபன் கிளாஸ் பட்டத்தைப் பலமுறை வென்றவை. பெரிய அணிகளின் இளையோர் அணிகள் என்பதால் அவை மேலே போக நினைக்கவில்லை. 2015-இல் ஜெனிசிஸ், 2018-இல் மியூசிக் சிட்டி போன்றவை மேலே வந்தது மதிப்பீட்டைத் தாண்டித்தான். அந்த மதிப்பீடு களத்துத் திறமை, நிர்வாகம், நிதி மூன்றையும் பார்க்கும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? கோடைச் சுற்றுப்பயண அட்டவணையை முன்கூட்டியே போட்டு, எந்தெந்த அணி வரும் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்கிறார்கள். ஜூலை நடுவில் ஓர் அணி பணமில்லாமல் வீடு திரும்பினால் எட்டுப் பத்து ஊர் நிகழ்ச்சிகள் ஓட்டையாகும். பெற்றோரிடம் வாங்கிய பணமும் பேச்சுக்கு வரும். பெரிய பெயர் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. 2018-இல் பட்டம் வென்ற சான்டா கிளாரா வான்கார்ட், நிதி நெருக்கடியால் 2023 சீசனில் களமிறங்கவில்லை. 1934-இல் தொடங்கி டி.சி.ஐ. பட்டத்தைப் பத்து முறை வென்ற தி கேடட்ஸ் 2024-இல் மூடியேவிட்டது.

நீங்கள் பொருளாளர் என்பதால் கணக்குப் பக்கம் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்று, படிவம் 990, அதாவது லாபநோக்கற்ற அமைப்புகள் வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் கணக்கு. ஆண்டு மொத்த வரவு 2 லட்சம் டாலரோ சொத்து 5 லட்சம் டாலரோ தொட்டால் முழுப் படிவம்தான். சுருக்கப் படிவம் செல்லாது. நிதியாண்டு முடிந்து ஐந்தாம் மாதம் 15-ஆம் தேதி கெடு. தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்குத் தகுதி தானாகவே போய்விடும். இது யார் கேட்டாலும் காட்டவேண்டிய ஆவணம். அதனால் விண்ணப்பத்தில் ஓர் எண்ணும் படிவத்தில் வேறோர் எண்ணும் இருந்தால் ஒளிக்க இடமில்லை.

இரண்டு, உறுப்பினர் கட்டணம். நவம்பரிலிருந்து வரும் தவணைகள் அடுத்த கோடைக்கான பணம். கணக்கில் அது முன்பணம். சீசன் நடந்து முடியும்வரை வருமானம் ஆகாது. பல அணிகள் சறுக்குவது இங்கேதான். போன கோடையில் பாக்கி வைத்த பேருந்துக் கட்டணத்தை இந்த டிசம்பர் தவணையில் அடைப்பார்கள். ஜனவரியில் வங்கி இருப்பு நன்றாகத்தான் தெரியும். ஜூனில் டீசலுக்குக் காசு இருக்காது. ஆகவே ஆண்டு வரவுசெலவு மட்டும் போதாது. மாதவாரியாக, மே முதல் ஆகஸ்ட் வரை வாரவாரியாகப் பணஓட்டம் போட்டு வையுங்கள். அந்த வரைபடம் அடிமட்டத்தைத் தொடும் வாரம் பெரும்பாலும் பயிற்சி முகாம் முடிந்து வண்டி கிளம்பும் நேரமாக இருக்கும். செலவெல்லாம் போயிருக்கும், நிகழ்ச்சிப் பணம் இன்னும் வந்திருக்காது.

மூன்று, நோக்கம் குறிப்பிட்டு வந்த நன்கொடை. புது டிரக் வாங்கவென்று கொடுத்த பணத்தைக் கையிருப்பில் சேர்த்துக் காட்டாதீர்கள். மதிப்பிடுபவர் முதலில் கேட்பது, கட்டுப்பாடில்லாத கையிருப்பு எத்தனை வாரச் செலவைத் தாங்கும் என்பதைத்தான்.

அண்டாக்காரர்:
மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. தளவாடக் கணக்கை நான் சேர்க்கிறேன்.

வேர்ல்ட் கிளாஸ் என்றால் மே கடைசியில் முகாம் தொடங்கி ஆகஸ்ட் இரண்டாம் வாரம் இண்டியானாபோலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம் வரை, சுமாராக 75 நாள். 150 உறுப்பினர், 50 பயிற்சியாளர்களும் தொண்டர்களும் என்று வைத்தால் 200 வாய். ஒரு நாளைக்கு நான்கு வேளை: காலை, மதியம், மாலை, நிகழ்ச்சி முடிந்து இரவு. 800 தட்டு, சீசனுக்கு 60,000 தட்டு. தட்டுக்கு 3 டாலர் என்று போட்டாலே 1,80,000 டாலர். அரை டாலர் ஏறினால் இன்னும் 30,000. உங்கள் பட்ஜெட்டில் உணவுக்கென்று ஒரே வரியில் ஏதோ தொகை இருந்தால், அதை இப்படி உடைத்து எழுதுங்கள்.

வண்டி: இருக்கை 56 உள்ள பேருந்து நான்கு, கருவிகளுக்கும் மேடைப் பொருள்களுக்கும் செமி டிரெய்லர், சமையல் டிரக், சீருடை வண்டி. ஓட்டுநரோடு சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ ஏற்றும் வாடகைப் பேருந்து மாநில எல்லை தாண்டினால் 50 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு மத்திய விதி. பேருந்து நிறுவனத்தின் சான்றிதழை நீங்களே வாங்கிப் பாருங்கள். தரகர் சொன்னதை நம்பாதீர்கள். 26,001 பவுண்டும் அதற்கு மேலும் எடைத்தரம் உள்ள வண்டிக்கு சி.டி.எல். என்னும் வணிக வாகன ஓட்டுநர் உரிமம் வேண்டும். பேருந்தானால் பயணிகள் அனுமதி தனி.

ஓட்டுநர் நேரத்தில்தான் கோட்டை விடுவார்கள். பேருந்து ஓட்டுபவர் 8 மணி நேர ஓய்வுக்குப் பின் 10 மணி நேரம்தான் ஓட்டலாம். சரக்கு டிரக் என்றால் 10 மணி நேர ஓய்வு, பிறகு 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம். நிகழ்ச்சி இரவு பத்தரைக்கு முடிகிறது, சாப்பிட்டுக் கிளம்ப நள்ளிரவு. பகலில் சாமான் இறக்கவும் சமையலுக்கு உதவவும் அதே ஆளை இழுத்திருந்தால், அது ஓய்வு அல்ல, வேலை நேரம். அப்போது 350 மைல் பயணத்துக்கு ஓட்டுநரே இல்லை. ‘தொண்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். சமையல் டிரக்கும் கருவி டிரக்கும் ஓட்டத் தலா இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மிக்க நன்றி. ஆள் எண்ணிக்கை பற்றி யாராவது சொல்ல முடியுமா? 104-லிருந்து ஒரே ஆண்டில் 150-க்குப் போகலாம் என்று எங்கள் நிகழ்ச்சி வடிவமைப்பாளர் சொல்கிறார்.

நான்காவது_ஸ்னேர்:
165 உச்சவரம்பு, அதை நிரப்பியே ஆகவேண்டும் என்பதில்லை. முழு எண்ணிக்கையில் இருக்கும் அணி ஏறத்தாழ இப்படி இருக்கும்: பித்தளை வாத்தியம் 80 சொச்சம், ஸ்னேர் டிரம் 9 அல்லது 10, டெனர் டிரம் 5, பேஸ் டிரம் 5, ஃப்ரன்ட் என்சாம்பிள் (முன்னால் நிலையாக நின்று தாளக்கருவி வாசிப்பவர்கள்) 15 வாக்கில், கலர் கார்டு (கொடி ஆட்டக்காரர்கள்) 40, அணியை நடத்தும் டிரம் மேஜர் 2 அல்லது 3.

ஒரே ஆண்டில் 46 பேரைக் கூட்டுவது பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஜூன் 1-க்கு முன் 22 நிறைந்தவர் ஆட முடியாது என்பதால் ஆண்டுதோறும் ஒரு பகுதி எப்படியும் கழியும். 104-இல் 25 பேர் வயதால் போகிறார்கள், 15 பேர் வேறு அணிக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். மிச்சம் 64. 150 ஆக்க 86 புதியவர்கள் வேண்டும். பாதிக்கு மேல் புதுமுகம். மதிப்பெண் தாளைப் பாருங்கள்: பொது விளைவுக்கு (நிகழ்ச்சி மொத்தமாகத் தரும் தாக்கம்) இரண்டு நடுவர், தலா 20, ஆக 40. காட்சிப் பிரிவில் மூன்று நடுவர்களின் 20-களைக் கூட்டிப் பாதியாக்கினால் 30. இசையும் அப்படியே 30. ஒவ்வொரு தாளிலும் என்ன கொடுத்தார்கள் என்பதற்கும் அதை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தார்கள் என்பதற்கும் தனித்தனி மதிப்பு. பெரிய அணி, கடினமான வடிவமைப்பு, பாதிப் புதுமுகம் மூன்றும் சேர்ந்தால் என்ன கொடுத்தார்கள் என்பதன் மதிப்பு ஏறும், நேர்த்தியின் மதிப்பு சரியும். 120 பேரோடு சுத்தமாகச் செய்பவர்கள் 150 பேரோடு குழம்புபவர்களை முந்துவது வழக்கமாக நடப்பதுதான். என் கணக்கில் 104, 120, 135 என்று போங்கள்.

கூட்டும்போது முதலில் தட்டுப்படுவது கலர் கார்டு. பித்தளைக்கு ஆடிஷன் கூட்டம் வரும். கொடி, ரைஃபிள் (மாதிரித் துப்பாக்கி), சேபர் (வாள்) மூன்றையும் சுழற்றக் கை பழகியவர்கள் குறைவு. ஆண் பெண் எல்லாருக்கும் சீருடை தைக்கவேண்டியதும் அங்கேதான் அதிகம். ஜனவரி முகாமில் கார்டு 30-ஐத் தொடவில்லை என்றால் வடிவமைப்பை அந்த எண்ணிக்கைக்கே எழுதச் சொல்லுங்கள். மே மாதத்தில் கால்பந்து மைதானத்தில் ஓட்டைகளை நிரப்ப ஓடாதீர்கள்.

இன்னொன்று: இசை உரிமை. பதிப்பாளரிடம் இசைக்கோவையை மாற்றி அமைக்கும் அனுமதி எழுத்தில் வேண்டும். நிகழ்த்தும் உரிமை அதை உள்ளடக்காது. காணொளிக்கு இன்னொரு உரிமை. பிப்ரவரியில் மறுப்பு வந்தால் மாற்றலாம். ஜூனில் வந்தால் பயிற்சி செய்த 90 வினாடி குப்பைக்குப் போகும்.

நெடுஞ்சாலை:
ஒன்றை விட்டுவிட்டேன். பாதுகாப்பு ஆவணங்கள். இதில் சமரசம் கிடையாது. பயிற்சியாளர், தொண்டர், ஓட்டுநர் எல்லாருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு, நடத்தை விதிக் கையெழுத்து, புகார் அளிக்க இயக்குநரைச் சுற்றிப் போகும் தனி வழி. கடைசியாகச் சொன்னதுதான் பல அணிகளில் தாளில் மட்டும் இருக்கும். புகார் மின்னஞ்சலை யார் படிக்கிறார் என்று கேட்டால் ‘இயக்குநர்தான்’ என்று பதில் வரும். நிர்வாகக் குழுவில் சம்பளம் வாங்காத ஒருவருக்கு நேராகப் போகும்படி அமையுங்கள்.

அண்டாக்காரர்:
அதோடு உடல்நலத் திட்டம். முழுநேர விளையாட்டுப் பயிற்சி மருத்துவ உதவியாளர் ஒருவராவது கூடப் பயணம் செய்யவேண்டும். வெப்பத்துக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். முகாமின் முதல் வாரத்தில் நாளெல்லாம் வெயிலில் நிறுத்தினால் அங்கேயே ஆள் விழும். வெப்ப அளவை சாதாரண வெப்பமானியில் பார்க்காமல் ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்த டபிள்யூ.பி.ஜி.டி. கருவியில் பாருங்கள். ஆள் மூழ்கும் அளவு தொட்டியும் பனிக்கட்டியும் பயிற்சி மைதானத்தின் ஓரத்திலேயே இருக்கட்டும், சமையல் டிரக்கில் வேண்டாம். வெப்பத் தாக்கு வந்தால் முதலில் குளிர்விக்கவேண்டும், அப்புறம்தான் மருத்துவமனை. 30 நிமிடத்துக்குள் உள்வெப்பம் 39 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவேண்டும்.