தாகம் எடுத்தால் போதுமா, நேரம் வைத்துக் குடிக்க வேண்டுமா?

கார்குழலி:
காலையில் போனைத் தொடுவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர். மடமடவென்று இல்லை, உட்கார்ந்து நிதானமாக. அலுவலகத்தில் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் அலாரம். அடித்ததும் கணினியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு ஒரு டம்ளர் குடிப்பேன். அந்த இரண்டு நிமிடம் என் உடம்புக்காக நான் ஒதுக்கும் நேரம். "தாகம் எடுத்தால் குடி, இதற்கெல்லாம் அலாரமா?" என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். ஏசி அறையில் வேலை மும்முரத்தில் தாகம் மனதில் பதிவதே இல்லை என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வைகைக்கரையான்:
அக்கா, நிதானமாகக் குடிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அலாரத்தில்தான் மறுப்பு. ரத்தத்தின் அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் அதைக் கண்டுபிடித்துத் தாகத்தைக் கிளப்பிவிடும். சிறுநீரகமும் நீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். இவ்வளவு நுட்பமான ஏற்பாடு உள்ளே இருக்கும்போது போனை ஏன் நம்ப வேண்டும்?

"தினம் எட்டு டம்ளர்" என்பதன் கதையையும் பாருங்கள். 1945-ல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் என்றது. அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் கூடவே எழுதியது. அந்தப் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதி மட்டும் பரவியது என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். 2002-ல் ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக நிபுணர் ஆய்வுகளைத் துருவிப் பார்த்து, ஆரோக்கியமானவர்களுக்கு இந்த எட்டு டம்ளர் தேவை என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றார். நம் சோறு, ரசம், மோர், கூழ் எல்லாவற்றிலும் தண்ணீர்தானே இருக்கிறது?

அளவு மீறினால் ஆபத்தும் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் இருக்க வேண்டிய உப்பான சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்கள்தான், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்கள்தான், அதிகம் மாட்டினார்கள்.

கார்குழலி:
தம்பி, அவர்கள் மணிக்கணக்காக ஓடிக்கொண்டே குடித்தவர்கள். நான் பேசுவது மேசை மேல் இருக்கும் ஒரு டம்ளரைப் பற்றி.

நீங்கள் ஆய்வு சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். இத்தாலியில் முதல்முறை சிறுநீரகக் கல் வந்த 199 பேரை ஐந்து வருடம் கவனித்து 1996-ல் வெளியிட்டார்கள். தினமும் இரண்டு லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்கச் சொன்னவர்களில் 12 சதவீதத்தினருக்கு மறுபடி கல் வந்தது. அப்படிச் சொல்லப்படாத மற்றவர்களில் 27 சதவீதம். அந்த மற்றவர்களும் தாகத்துக்குக் குடித்தவர்கள்தானே! தாகமே போதும் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

வைகைக்கரையான்:
கல் வந்தவர்களுக்கு அது வைத்தியம், அக்கா. அதை ஊருக்கே விதியாக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

செவிலி மலர்:
டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறேன். இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் வருபவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று மருத்துவர் அளந்து சொல்லியிருப்பார். சாம்பார், காபிகூட அந்தக் கணக்கில் சேரும். அவர்களுக்குத்தான் "வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் குடித்தால் கிட்னி சுத்தமாகும்" என்று சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அதை நம்பிக் குடித்துவிட்டு மூச்சுத் திணறலோடு வருபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இதயம் பலவீனமானவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. தயவுசெய்து அந்த மாதிரி செய்திகளைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள்.

அப்புறம் வைகைக்கரையான் தம்பிக்கு. வயதாக ஆக தாக உணர்வு மங்கிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் மயங்கி வரும் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் "தாகமே எடுக்கலையே தாயி" என்பார்கள். மருத்துவர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவரை, அவர்களுக்கு யாராவது நேரம் பார்த்து டம்ளரைக் கையில் கொடுத்தே ஆக வேண்டும்.

வைகைக்கரையான்:
முதியவர்கள் விஷயத்தில் சரி அக்கா, மறுப்பில்லை. நான் பேசியது நடு வயதுக்காரர்களைப் பற்றி.

பொன்னி:
ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். எங்களுக்குத் தாகமும் எடுக்கிறது, மணியும் தெரிகிறது. ஆனால் குடிக்க மாட்டோம். மூன்று மாடிக்குச் சேர்த்து பெண்களுக்கு ஒரே கழிப்பறை. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், கூட்ட நேரத்தில் முறைப்பார். அதனால் காலையிலிருந்தே வாயைக் கட்டிக்கொள்வோம். நீர்க்கடுப்பு வராத பெண்ணே எங்கள் தளத்தில் கிடையாது. தண்ணீர் குடிப்பது உடம்பைப் பார்த்துக்கொள்கிற பழக்கம் என்றால், அந்தப் பழக்கத்துக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் முதலில் வேண்டும்.

வைகைக்கரையான்:
பார்த்தீர்களா கார்குழலி அக்கா, இங்கே உங்கள் அலாரம் என்ன செய்யும்?

கார்குழலி:
செய்யும், தம்பி. 2019-ல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்க ஆரம்பித்தார்கள். மணி அடித்த பிறகு எந்தப் பிள்ளையும் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டியதில்லை. நேரம் குறிப்பதில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். தனி ஆளின் கெஞ்சலாக இருந்தது எல்லோருக்குமான இடைவேளையாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தினார்களே, இதையும் அப்படிக் கேட்கலாம். பொன்னி, உங்கள் கடையில் இரண்டு வேளை பத்து நிமிடம் விட்டால் போதுமா?

பொன்னி:
பத்து நிமிடம் மட்டும் போதாது அக்கா. ஒரு கழிப்பறைக்கு அத்தனை பேரும் வரிசையில் நின்றால் அதற்குள் நேரம் முடிந்துவிடும். மாடிக்கு ஒன்று கட்டித் தரட்டும், கேட்காமல் போய்வர விடட்டும். தண்ணீரை நாங்களே குடித்துக்கொள்வோம்.