தாலியைக் கழட்டினாத்தான் ஞானஸ்நானமா?

கேள்வி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க அம்மா கொஞ்ச நாளா ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போறாங்க, ஞானஸ்நானம் எடுக்க ரொம்ப ஆசை, ஆனா கம்மல், வளையல், தாலி எல்லாம் கழட்டிட்டு வந்தாதான் குடுப்போம்னு பாஸ்டர் சொல்லிட்டார். அப்பா இன்னும் ரட்சிக்கப்படல, இயேசுவை ஏத்துக்கல. தாலியக் கழட்டினா அவர் மனசு என்ன ஆகும்னு நினைச்சு அம்மா சரியா தூங்குறதே இல்ல. மயிரைப் பின்னி, பொன் நகை போடுற வெளி அலங்காரம் வேண்டாம்னு சொல்ற 1 பேதுரு 3:3ஐத்தான் காட்டுறாங்க. என்ன செய்யலாம்?

பதில்:
சிஸ்டர், அதே வசனத்துல மயிரைப் பின்னுறதும் சேர்ந்துதான் இருக்கு. சடை போட்டுட்டு வர்றவங்கள யாரும் வாசல்ல நிறுத்துறதில்லையே. அப்போஸ்தலர் 8ல எத்தியோப்பிய மந்திரி ரதத்துல போறப்பவே தண்ணியப் பார்த்துட்டு "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன"ன்னு கேக்குறார், ராணியோட பொக்கிஷத்துக்கே தலைவர் அவர், கழுத்துல கைல என்ன போட்டிருந்தாலும், அவருக்கு இயேசுவைப் பத்தி சொன்ன பிலிப்பு அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, முழு இருதயத்தோட விசுவாசிச்சா தடையில்லைன்னு சொல்லிட்டு கூடவே தண்ணில இறங்கிட்டார்.

பதில்:
நான் நகை போடுறதில்லம்மா. யார் கழுத்துல எத்தனை பவுன்னு கணக்குப் பார்க்குற ஊர்ல, சபைக்குள்ளயாவது எல்லாரும் ஒண்ணா உக்காரணும்னு நானா விட்டேன். அதை லேசா பேசாதீங்க. கிருபை கிருபைன்னு சொல்லி இஷ்டத்துக்கு வாழுறவங்களும் இருக்காங்க. தீத்து 2:11, 12 வாசிங்க, தெளிந்த புத்தியோட ஜீவிக்கக் கத்துக்குடுக்குறதே கிருபைதான்.

பதில்:
ஆன்ட்டி, நீங்க விரும்பி விட்டது நல்ல சாட்சி. அதையே அடுத்தவங்களுக்கு கண்டிஷனாக்கினா கலாத்தியா சபைல நடந்ததுதான் மறுபடி நடக்கும். அங்க யாரும் இயேசு வேண்டாம்னு சொல்லல, யூத முறைப்படி விருத்தசேதனமும் பண்ணிக்கோங்கன்னாங்க, அதுக்கே பவுல் அவ்வளவு கொதிச்சார். அந்தியோகியாவுல புறஜாதியாரோட சாப்பிட்டுட்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுகிட்டருந்து ஆள் வந்ததும் பயந்து ஒதுங்கினப்ப பவுல் முகத்துக்கு நேராவே எதிர்த்தார். வரி வசூலிச்சுப் பணக்காரனான சகேயுவைப் பாருங்க. ஆஸ்தியக் குடுன்னு ஆண்டவர் கேக்கல, இன்னைக்கு உன் வீட்டுல தங்கணும்னுதான் சொன்னார், அவனா எழுந்து நின்னு பாதி ஏழைகளுக்கு, அநியாயமா வாங்கினதுக்கு நாலு மடங்குன்னான். உள்ள புது ஜீவன் வந்தா கை தானா திறக்கும். தாலி விஷயத்துல அப்பாவையும் நினைக்கணும், விசுவாசியாத புருஷன் கூட வாழ சம்மதிச்சா அவரை விட்டுப் போகாதேன்னு 1 கொரிந்தியர் 7ல பவுலே எழுதியிருக்கார், அவர் மனசை உடைச்சுட்டு எடுக்குற ஞானஸ்நானம் அவருக்கு என்ன சுவிசேஷம் சொல்லும்?

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. அப்போஸ்தலர் 8 வாசிச்சுக் காட்டினேன், பாஸ்டர்கிட்ட நானே கேக்குறேன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை நானும் கூடப் போறேன். அவர் ஒத்துக்கலைன்னா, மதுரைல தாலியோடவே ஞானஸ்நானம் குடுக்குற சபை இருந்தா சொல்லுங்க.