வெங்கச்சங்கல் கருவியின் விளிம்பில் தெரிவது பயன்பாட்டுத் தேய்மானமா, மண்ணின் வேலையா?

நாகமலைவாசி:
வணக்கம். மதுரையில் தொல்லியல் முதுகலை படிக்கிறேன். திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் நிலத்தில் முன்பு முறைப்படி சேகரிக்கப்பட்டு எங்கள் துறையில் இருக்கும் நுண்கற்கருவிகளை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன். பெரும்பாலானவை வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். சில செர்ட் எனும் நுண்மணிச் சிலிக்காக் கல் வகை. ஸ்டீரியோ நுண்ணோக்கியில் 40 மடங்கில் பார்க்கும்போது சிலவற்றின் விளிம்பில் சில்லுகள் உதிர்ந்த தழும்புகள் தெரிகின்றன. செர்ட் அலகு (கத்திபோல் நீண்ட மெல்லிய சில்லு) ஒன்றின் ஓரம் பளபளக்கிறது. இதைத் தானியத்தாள் அறுத்ததற்குச் சான்றாக எழுதலாமா? வெங்கச்சங்கல்லிலோ ஒளி சிதறிக் கண் கூசுகிறது, ஒன்றும் பிடிபடவில்லை.

கரிசல்காட்டான்:
இப்போதைக்கு எழுத வேண்டாம். புல்வகைத் தாவரங்களின் தண்டில் சிலிக்கா இருப்பதால், அவற்றைத் தொடர்ந்து அறுக்கும் கல்லின் விளிம்பில் வெறுங்கண்ணுக்கே தெரியும் பளபளப்பு ஏறுவது உண்மைதான். ஆனால் தானியத்தாள் மட்டுமன்றி, வைகைக்கரை நாணலையும் கோரையையும் அறுத்தாலும் அதை ஒத்த பளபளப்பு வரும். மண்ணில் நெடுங்காலம் கிடந்த கல்லுக்கும் ஒருவகை மினுமினுப்பு உண்டு. அது பெரும்பாலும் இரு முகங்களிலும், மேடான வரம்புகளிலும், விளிம்பிலிருந்து தள்ளியும் பரவியிருக்கும். பயன்பாட்டு மெருகோ வேலை செய்த விளிம்பை ஒட்டி அடர்ந்து, உள்ளே போகப்போக மங்கும். உங்கள் அலகில் எது இருக்கிறது என்று முதலில் வரைந்து பாருங்கள்.

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் ஊதி, உள்ளே கிடக்கும் கல்லை ஓயாமல் புரட்டுவது. அதன்மேல் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள், டிராக்டரும் ஓடியிருக்கும். மிதிபட்டு உதிரும் சில்லுத் தழும்புகள் அளவிலும் இடைவெளியிலும் ஒழுங்கற்று, சில இந்த முகத்திலும் சில அந்த முகத்திலுமாகக் கிடக்கும். கொழுவின் இரும்பு உரசிய இடத்தில் உலோகக் கோடு பளிச்சென்று தெரியும். அதை மெருகு என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே, அதே நிலத்திலிருந்து எடுத்த, கருவியாக்கப்படாத கல் துண்டுகள் உங்கள் துறைச் சேகரிப்பில் இருந்தால், கருவிகளைத் தொடுமுன் அவற்றைப் பாருங்கள். மண் செய்தது இன்னதென்று தெரியாமல் மனிதர் செய்ததைப் பிரிக்க இயலாது. என் கருத்தில், இந்த ஒப்பீடு இல்லாத தேய்மான ஆய்வு, எத்தனை அழகான படங்களோடு வந்தாலும் பாதி ஆய்வுதான்.

உலோகவியல் ஆய்வகம்:
நான் தொல்லியலாளன் அல்லன். கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்டீரியோ நுண்ணோக்கி தழும்புகளைக் காட்டும். மெருகின் தன்மையைப் பார்க்க, பொறியியல் கல்லூரிகளில் உலோகத் துண்டுகளைப் பார்க்க வைத்திருக்கும், மேலிருந்து நேராக ஒளி பாய்ச்சும் நேர்மேல் ஒளி நுண்ணோக்கி வேண்டும். 100 முதல் 400 மடங்கு வரை போதும். வெங்கச்சங்கல் கண்ணாடிபோல் ஒளியை உள்ளே விடுவதால்தான் கூசுகிறது. மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களை எடுத்துக்காட்டும் நொமார்ஸ்கி வகை வேறுபாட்டு வசதி இருந்தால் பெருமளவு சரியாகும். இல்லையென்றால், பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் சிலிக்கோனால் விளிம்பை அச்செடுத்து, அதில் நிறமி கலந்த எபாக்சிப் பிசினை ஊற்றி, ஒளி ஊடுருவாத அந்த நகலைப் பாருங்கள்.

நாகமலைவாசி:
மிக்க நன்றி. அச்செடுக்குமுன் கருவிகளை அமிலத்தில் கழுவ வேண்டுமா? சோதனைக் கருவிகளும் செய்து பார்க்கச் சொல்கிறார்கள்.

கரிசல்காட்டான்:
கழுவாதீர்கள், அச்சும் எடுக்காதீர்கள்; ஸ்டார்ச் மணிகள் (தாவர மாவுச்சத்துத் துகள்கள்) போன்ற எச்சங்கள் விளிம்பில் ஒட்டியிருக்கக்கூடும், இரண்டுமே அவற்றைக் கொண்டுபோய்விடும். எச்சம் பார்த்து முடித்த பிறகு, மென்மையான சோப்பு நீரும், விரல் எண்ணெயைப் போக்கச் சிறிது அசிட்டோனும் போதும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தால் உடனே பிரித்துத் தனித்தனியாக வையுங்கள். பைக்குள் ஒன்றோடொன்று இடித்து உதிர்ந்த சில்லு பழந்தழும்பைவிடப் புதிதாகவும் கூர்மையாகவும் இருக்கும்.

சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், அதே வகைக் கல்லில். சோவியத் தொல்லியலாளர் செமியோனோவ் 1957இல் ருஷ்ய மொழியில் எழுதிய நூல் தொடங்கி இத்துறை சோதனையில்தான் நிற்கிறது. மூங்கில், கருவேல மரம், எலும்பு, நாணல் ஆகியவற்றோடு, திண்டுக்கல் தோல் பதனிடும் இடங்களில் கிடைக்கும் பதனிடாத தோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தோலைச் சுரண்டிய விளிம்பு மழுங்கி உருண்டு, மங்கிய சொரசொரப்பான மெருகைப் பெறும். நாணலில் வருவது வழவழப்பானது. கீறல்கள் விளிம்புக்கு இணையாக ஓடினால் அறுத்தல், குறுக்காக ஓடினால் சுரண்டல் அல்லது சீவுதல்.

பிறகு யாரேனும் பயன்படுத்திய கருவிகளை, எதற்கென்று சொல்லாமல் தரச்சொல்லி உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள். 1977இல் தொல்லியலாளர்கள் கீலியும் நியூகமரும் நடத்திய இத்தகைய சோதனையில், பயன்பட்ட பகுதியும் அசைவும் சரியாகச் சொல்லப்பட்ட அளவுக்கு, வேலைக்குட்பட்ட பொருள் எது என்பது சொல்லப்படவில்லை. எனவே அந்த அலகைப் பற்றி, ஒப்பீடு இடங்கொடுத்தால், ‘சிலிக்கா மிகுந்த தாவரம் அறுக்கப்பட்டிருக்கலாம்’ என்று எழுதுங்கள். தானியம் என்ற சொல் வேண்டாம்.